அக்குளில் எந்தக் கணுவை எடுப்பது? மார்பகப் புற்றுநோயும் கதிரியக்க ஊசியும் (சேலம், ஏற்காடு)

காப்பித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சின்னம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் பல ஆண்டுகளாகப் பழம் பறிக்கும் வேலை செய்து வருகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடது மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அக்குளில் கையால் தொட்டுப் பார்த்தபோது நெறி எதுவும் தட்டுப்படவில்லை என்கிறார்கள்.

சேலத்தில் முதலில் பார்த்த மருத்துவர், கட்டியை எடுக்கும்போதே அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் (நெறி கட்டும் சிறு முடிச்சுகளையும்) முழுமையாக எடுத்துவிடுவோம் என்றார். இரண்டாவதாகக் கருத்துக் கேட்ட மருத்துவர், அறுவைக்கு முந்தைய நாள் மார்பில் கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ஊசியாகப் போட்டு, அது எந்தக் கணுவில் போய்த் தங்குகிறது என்று கருவியால் கண்டறிந்து, அந்த ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும் என்கிறார். வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. "இருக்கிற நோய் போதாதென்று கதிரியக்கத்தை வேறு உடம்பில் ஏற்றுவதா?" என்று பெரியப்பா கேட்கிறார். சின்னம்மாவின் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதே வீட்டில் இருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்.

காமா கேமரா எழுதியது:

வணக்கம். நான் அணு மருத்துவத் துறையில் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் ஆத்தூர். ஊசியைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் யாரேனும் எழுதுவார்கள்.

மார்பகத்தின் எந்தப் பகுதியில் கட்டி இருந்தாலும், அங்கிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளை நோக்கித்தான் செல்கிறது. சேர்வராயன் மலையில் பெய்த மழை திருமணிமுத்தாற்று வழியே இறங்கும்போது முதல் ஏரி நிரம்பிய பிறகே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போவதைப் போல, நிணநீரும் முதலில் ஒன்றோ இரண்டோ கணுக்களை அடைந்து, அவற்றைக் கடந்துதான் மற்றவற்றுக்குப் போகிறது. முதலில் நிணநீரைப் பெறும் அந்தக் கணுக்களையே சென்டினல் நோடு, அதாவது காவல் கணு, என்கிறார்கள். நோய் பரவியிருந்தால் முதலில் அங்கேதான் தெரிய வேண்டும். அங்கே இல்லையென்றால் பின்னால் உள்ள கணுக்களிலும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த முதல் கணு எது என்பதை வெளியிலிருந்து பார்த்தோ தொட்டோ சொல்ல முடியாது என்பதால்தான் தடம்காட்டி தேவைப்படுகிறது.

தடம்காட்டியாகப் பயன்படுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். இதை மிக நுண்ணிய கூழ்மத் துகள்களோடு பிணைத்து, மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ கட்டியைச் சுற்றியோ மெல்லிய ஊசியால் செலுத்துவோம். துகள் மிகச் சிறியதாக இருந்தால் காவல் கணுவில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். மிகப் பெரியதாக இருந்தால் ஊசி போட்ட இடத்தைவிட்டு நகராது. ஆகவே துகளின் அளவு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைக் கொண்டு, அதாவது நானோமீட்டரில், பத்துகள் முதல் சில நூறுகள் வரை இருக்குமாறு தயாரிக்கிறார்கள். ஊசி போட்டபின் அந்த இடத்தைச் சில நிமிடங்கள் மெதுவாகத் தேய்த்துவிடச் சொல்வோம். பிறகு கதிரியக்கத்தைப் படம் பிடிக்கும் காமா கேமராவின் கீழே படுக்க வைத்துப் படம் எடுத்தால், ஊசி போட்ட இடம் ஒரு பெரிய ஒளிப்புள்ளியாகவும் அக்குளில் காவல் கணு ஒரு சிறு புள்ளியாகவும் தெரியும். அந்த இடத்துக்கு நேராகத் தோலின் மேல் மையால் குறியிட்டு அனுப்புவோம்.

இனிப் பெரியப்பாவின் கேள்வி. டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். அடுத்த நாள் அறுவை என்றாலும் செலுத்தப்படுவது ஏறத்தாழ ஒரு மில்லிக்கியூரி (கதிரியக்கப் பொருளை அளக்கும் அலகு); அதே நாளில் அறுவை என்றால் அதைவிடவும் குறைவு. எலும்பு ஸ்கேனுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது இருபது மில்லிக்கியூரி அளவு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஊசியால் உடல் முழுவதும் பெறும் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் எல்லா மனிதர்களும் ஓர் ஆண்டில் இயற்கையாகவே பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். அதோடு, செலுத்திய மருந்தில் பெரும்பகுதி ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடுவதால், மார்பகத்தை முழுமையாக எடுப்பவர்களுக்கு அதுவும் எடுத்த திசுவோடு வெளியே போய்விடுகிறது. இந்தத் தடம்காட்டி சிகிச்சையே அன்று. கணுவைச் சுட்டுவது மட்டுமே இதன் வேலை. பின்னால் தரக்கூடிய கதிர்வீச்சுச் சிகிச்சையோடு இதைச் சேர்த்து எண்ணிக் குழம்ப வேண்டாம்.

மருமகளைப் பொறுத்தவரை, ஊசி போட்ட அன்று அவர் சின்னம்மாவை ஒட்டிப் படுக்காமல் இருந்தால் போதும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கே மார்பகப் புற்றுநோய் வரும் சமயங்களில் தடம்காட்டியின் அளவைக் குறைத்து இதே பரிசோதனையைச் செய்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

தம்பி, நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இந்த நோயிலிருந்து மீண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் வீட்டில் கொலுசு வேலைதான் தொழில். சலங்கை கோப்பதும் கண்ணி சேர்ப்பதும் நானும் என் நாத்தனாரும் செய்யும் வேலைகள். எனக்கு அறுவை செய்தபோது அக்குளில் இருந்த கணுக்களை முழுமையாக எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த நோயியல் அறிக்கையில் பதினெட்டுக் கணுக்கள் எடுக்கப்பட்டதாகவும், ஒன்றில்கூட நோய் இல்லை என்றும் இருந்தது. அன்றைக்கு அதைப் படித்து வீடே மகிழ்ந்தது. நோய் இல்லாத பதினெட்டுக் கணுக்களை எதற்காக இழந்தேன் என்ற கேள்வி எனக்கு வந்தது, கை வீங்கத் தொடங்கிய பிறகுதான்.

முதலில் வலது கையின் வளையல் இறுகியது. பிறகு முழங்கைக்குக் கீழே அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கம் வந்தது. மேற்கையின் உட்புறம் இன்றுவரை மரத்துத்தான் இருக்கிறது. கண்ணி முனை குத்திய சிறு காயத்தால் கை முழுவதும் சிவந்து, குளிர் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருக்கிறேன். தெருவில் சிலர் யானைக்கால் நோய் கைக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் சிகிச்சை பெற்ற இடத்தில் காவல் கணு என்ற ஒன்று இருப்பதாகவே யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையை நம்பிப் பிழைக்கும் உங்கள் சின்னம்மாவுக்கு, அந்தக் கையைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று இரண்டாவது மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைத் தட்டிவிடாதீர்கள் என்று ஓர் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அறுவை அரங்கு எழுதியது:

செவ்வாய்ப்பேட்டை அம்மா எழுதியதை மருத்துவப் புள்ளிவிவரமும் உறுதிப்படுத்துகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான கணக்கின்படி, அக்குள் கணுக்களை முழுமையாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணுவை மட்டும் எடுத்தவர்களில் இது நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நான் பொது அறுவை மருத்துவன். இந்த அறுவையைச் செய்து வருபவன்.

அரங்கில் நடப்பதைச் சொல்கிறேன், அச்சம் குறையும். மயக்கம் கொடுத்தபின் பெரும்பாலும் நீலச் சாயத்தையும் கருவட்டத்தின் ஓரத்தில் செலுத்தி ஐந்து நிமிடம் தேய்த்துவிடுவோம். காமா புரோப் என்பது எழுதுகோலைவிடச் சற்றுப் பருமனான ஓர் உலோகக் கருவி. கிருமி நீக்கிய உறையில் அதை இட்டு, தோலின் மேல் மெல்ல நகர்த்துவோம். கதிரியக்கம் உள்ள திசையை நோக்கித் திரும்பும்போது அதன் ஒலி விரைவாகிறது. திரையில் எண்ணிக்கையும் ஏறுகிறது. ஒலி உச்சமாக இருக்கும் இடத்தில், அக்குள் முடிக்குச் சற்றுக் கீழே சிறிய கீறல் போடுவோம். கொழுப்பை விலக்கிக்கொண்டே போனால், நூல் போன்ற ஒரு நீலநிற நிணநீர்க் குழாய் தென்படும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கணு கிடைக்கும். சில சமயம் கணு நீலமாக இராது, ஆனால் புரோப் ஒலிக்கும். சில சமயம் ஒலி குறைவாக இருக்கும், ஆனால் நிறம் ஏறியிருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும்.

எடுத்த கணுவை உடலிலிருந்து அப்பால் தூக்கிப் பிடித்து, புரோப்பை அதன்மேல் வைத்துப் பத்து விநாடி எண்ணுவோம். பின்னர் அதே புரோப்பை மீண்டும் அக்குளின் குழிக்குள் வைத்துத் தேடுவோம். எடுத்தவற்றிலேயே மிக அதிக எண்ணிக்கை காட்டிய கணுவின் அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காட்டும் கணு எதுவும் உள்ளே மிச்சமிருக்கக் கூடாது என்பதுதான் விதி. கட்டி மார்பகத்தின் மேற்புற, வெளிப்புறப் பகுதியில் இருந்தால் ஊசி போட்ட இடம் அக்குளுக்கு வெகு அருகில் வந்துவிடும். அங்கிருந்து வரும் கதிர் கணுவின் ஒலியை மூழ்கடித்துவிடும். அப்போது மார்பை உட்புறமாக இழுத்துப் பிடித்து, புரோப்பின் முனையைக் கட்டிக்கு எதிர்த்திசையில் சாய்த்துத் தேட வேண்டும்.

கடைசியாகச் செய்வதே என் பார்வையில் முதன்மையானது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கணுவை நோய் முழுமையாக அடைத்துவிட்டால் நிணநீர் அதற்குள் போகவே முடியாமல் வேறு வழியில் திரும்பிவிடும். அந்தக் கணு நீலமாகவும் ஆகாது, ஒலியும் தராது. கெட்டியாகத் தட்டுப்படும் கணு எதுவானாலும், கருவி எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதையும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

குரங்குச்சாவடி எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் மனைவிக்காக இதைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னை உறுத்தியது. காவல் கணுச் சோதனையில் பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். புற்றுநோய் விஷயத்தில் பத்தில் ஒன்று என்பது சிறிய பிழையா? வீங்கிய கையோடு உயிரோடு இருப்பதே மேல் என்று ஒரு குடும்பம் நினைத்தால் அதில் தவறு என்ன?

அறுவை அரங்கு எழுதியது:

நல்ல கேள்வி. தவிர்க்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

அந்தப் பத்தில் ஒன்று யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். அக்குளில் உண்மையிலேயே நோய் பரவியவர்களில் பத்தில் ஒருவர் என்று பொருள். அறுவைக்கு வரும் எல்லாப் பெண்களிலும் பத்தில் ஒருவர் என்று பொருளன்று. அக்குளில் எதுவும் தட்டுப்படாத நூறு பேரில் முப்பது பேருக்குக் கணுவில் நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், தவறவிடப்படுபவர்கள் மூன்று பேர். அந்த மூவருக்கும் மருந்துச் சிகிச்சையோ கதிர்வீச்சோ, பலருக்கு இரண்டுமோ, எப்படியும் கிடைக்கத்தான் போகிறது.

கோட்பாடாகச் சொல்வதோடு நிறுத்தாமல், நீண்டகாலம் கண்காணித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த என்எஸ்ஏபிபி பி-32 ஆய்வில் 5,611 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் காவல் கணுவோடு அக்குள் முழுவதும் எடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குக் காவல் கணுவில் நோய் இல்லையென்றால் அதோடு நிறுத்தப்பட்டது. தவறவிடும் விகிதம் 9.8 விழுக்காடு; நீங்கள் படித்தது அநேகமாக இந்த எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் 2010-ல் வெளியான முடிவில் இரு பிரிவினரின் உயிர்வாழ்விலும் வேறுபாடு இல்லை. அக்குளில் நோய் திரும்புவதும் இரண்டிலும் மிக அரிதாகவே இருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசியின் குழு நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

அடுத்த படியும் உண்டு. காவல் கணுவில் நோய் இருந்தால்கூட எல்லோருக்கும் அக்குளை முழுமையாக எடுக்க வேண்டியதில்லை என்று இசட்-0011 என்ற ஆய்வு காட்டியது. மார்பகத்தைக் காத்து, கட்டியை மட்டும் எடுத்து, முழு மார்புக்கும் கதிர்வீச்சு பெறுபவர்களில், ஒன்று அல்லது இரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்த 891 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பத்தாண்டு முடிவில் அக்குளை முழுமையாக எடுத்தவர்களில் 83.6 விழுக்காட்டினரும், எடுக்காமல் விட்டவர்களில் 86.3 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். ஐரோப்பாவின் அமரோஸ் ஆய்வில், காவல் கணுவில் நோய் இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பதிலாக அக்குளில் கதிர்வீச்சு கொடுத்தபோது நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை. ஐந்தாம் ஆண்டில் கை வீக்கம் 23 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே வீங்கிய கை வேண்டுமா, உயிர் வேண்டுமா என்ற தேர்வு இப்போது பெரும்பாலான பெண்களின் முன்னால் இல்லவே இல்லை. அக்குளில் ஏற்கெனவே கணு தெளிவாகப் பெருத்து, ஊசிச் சோதனையில் நோய் உறுதியானவர்களின் நிலை வேறு. நம் பகுதியில் காலம் கடந்து வருபவர்கள் அதிகம் என்பதால், முழு அறுவை இன்னும் பலருக்குத் தேவைப்படுகிறது. அதைச் செய்யும் மருத்துவரை யாரும் பழமையானவர் என்று எண்ண வேண்டாம்.

முதலில் மருந்துச் சிகிச்சை கொடுத்துக் கணுவைச் சுருக்கிய பிறகு காவல் கணு தேடும் முறையும் உண்டு. அங்கே தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது. 2013-ல் வெளியான இசட்-1071 ஆய்வில் அது 12.6 விழுக்காடு, கதிரியக்கத் தடம்காட்டியையும் சாயத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 10.8, ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்தியவர்களில் 20.3. இரண்டையும் சேர்த்துச் செய்வதன் பயன் இந்த எண்களில் தெரிகிறது.

காப்பித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெரியப்பாவுக்கு இவற்றை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கதிரியக்கம் குறித்த எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இப்போது வேறு சிக்கல். முதலில் பார்த்த மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு கிடையாது. இரண்டாவது மருத்துவர் அதற்காக வெளியூர் போகச் சொல்கிறார். மருந்தை மட்டும் சேலத்துக்கு வரவழைக்க முடியாதா? காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் மருத்துவமனையை மாற்றுவதும் எங்களுக்கு எளிதாக இல்லை.

காமா கேமரா எழுதியது:

மருந்தின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும். டெக்னீசியத்தைப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க முடியாது. சென்னையில் தயாரித்து அனுப்பினால், சாலை வழியே சேலம் வந்து சேரும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். கோவையிலிருந்து என்றால் மூன்று மணி நேரம். பத்தில் ஏழு பங்கு எஞ்சும். கணக்குப்படி இது முடியாததன்று. ஆனால் அனுப்புகிற இடத்துக்கும் பெறுகிற இடத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், ஈயக் கவசம், அளவிடும் கருவி ஆகியவை இருந்தாக வேண்டும். அவசரத்துக்கு வாடகை வண்டியில் கொண்டுவரும் பொருள் அன்று.

பெரிய மையங்களில் நாங்கள் செய்வது வேறு. டெக்னீசியத்தின் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-ன் அரை ஆயுள் 66 மணி நேரம். அதை அலுமினா நிரப்பிய சிறு குழாயில் ஏற்றி, டெக்னீசியத்தைத் தரும் ஈயக் கவசமுள்ள கலமாக (ஜெனரேட்டர் என்போம்) வாரந்தோறும் பெறுகிறோம். காலையில் உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். இந்தியாவில் மும்பையின் பிரிட் நிறுவனம், அதாவது கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம், இவற்றை வழங்குகிறது. இந்தச் சங்கிலி எவ்வளவு மென்மையானது என்பதை 2009-ல் உலகமே கண்டது. கனடாவின் சாக் ரிவர் அணு உலை கனநீர்க் கசிவால் அந்த ஆண்டு மே மாதம் மூடப்பட்டு, 2010 ஆகஸ்ட் வரை இயங்காமல் கிடந்தபோது பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போடப்பட்டன.

எனவே மருந்து நோயாளியைத் தேடி வருவதைவிட, நோயாளி மருந்து இருக்கும் இடத்துக்குப் போவதே எளிது. ஊசியையும் அறுவையையும் ஒரே மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முந்தைய நாள் பிற்பகல் ஓர் இடத்தில் ஊசி போட்டுப் படம் எடுத்து, மறுநாள் காலை வேறு மருத்துவமனையில் அறுவை செய்யலாம். பதினெட்டு மணி நேரம் கழிந்தாலும் எட்டில் ஒரு பங்கு இருக்கும், புரோப்புக்கு அது போதும். இரு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசி நேரத்தை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். அறுவை செய்யும் இடத்தில் புரோப்பும் அதற்கான அனுமதியும் இருக்க வேண்டும். என் கருத்தில், அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்தில் செய்துகொள்வதற்காகச் சில மணி நேரம் பயணம் செய்வது தகும்.

அறுவை அரங்கு எழுதியது:

காமா கேமரா சொன்ன கடைசி வரியில் நான் ஓரளவு வேறுபடுகிறேன். கதிரியக்கத் தடம்காட்டியும் சாயமும் சேர்ந்ததே சிறந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்காக வாரக்கணக்கில் காத்திருந்து அறுவையைத் தள்ளிப்போடுவதையும், அது கிடைக்கவில்லை என்ற காரணத்தால் நோயில்லாத அக்குளை முழுமையாக எடுத்துவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

வரலாற்றிலேயே இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் பிறந்தன. 1992-ல் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோயான மெலனோமாவில் நீலச் சாயத்தால் காவல் கணுவைக் கண்டறிந்தார். 1993-ல் டேவிட் கிராக் மார்பகப் புற்றுநோயில் டெக்னீசியத்தையும் காமா புரோப்பையும் பயன்படுத்தினார். முதல் 22 பேரில் 18 பேருக்குக் கணு கிடைத்தது. 1994-ல் அர்மாண்டோ ஜூலியானோ மார்பகத்திலேயே சாயத்தை மட்டும் கொண்டு வெளியிட்டார். நம் நாட்டில் விலை குறைந்த மெத்திலின் நீலம் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. அதைத் தனியாகப் பயன்படுத்தும்போது அறுவை செய்பவரின் பயிற்சி இன்னும் கூடுதலாகத் தேவை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஃபுளோரசின் என்ற ஒளிரும் சாயத்தை நீல விளக்கின் ஒளியில் பார்த்து, மெத்திலின் நீலத்தோடு சேர்த்துச் செய்யும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். இன்டோசயனின் பச்சை என்ற சாயமும் அகச்சிவப்புக் கேமராவும் உள்ள இடங்களில் அதுவும் கதிரியக்கத்துக்கு இணையாக வேலை செய்கிறது. எந்தத் தடம்காட்டியும் கைகொடுக்காத இடங்களுக்காக மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, அக்குளின் அடிப்பகுதியில் குறிப்பிட்ட ஒரு நரம்புக்குக் கீழே உள்ள கொழுப்பையும் கணுக்களையும் மட்டும் எடுக்கும் முறையைக் காவல் கணு முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்த துல்லியம் கொண்டவை என்று வெளியிட்டிருக்கிறது. சேலம் போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பயனுள்ள செய்தி என்பது என் எண்ணம்.

சாயத்துக்கும் சில குறைகள் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் ஓரிரு நாள் நீலமாகவோ பச்சையாகவோ போகும். மார்பில் நீலக் கறை மாதக்கணக்கில் தங்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி அறுவையின்போது தவறாகக் குறைத்துக் காட்டும். மயக்க மருத்துவர் இதை அறிந்திருப்பார். மெத்திலின் நீலம் தோலுக்கு மிக அருகில் போனால் புண்ணாகலாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சாயத்தைத் தவிர்ப்போம்.

இன்னொன்று. அக்குளின் அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கையால் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு சென்டிமீட்டர் வரையுள்ள கட்டியும், அல்ட்ராசவுண்டில் சுத்தமான அக்குளும் கொண்டவர்களுக்குக் காவல் கணுச் சோதனையையே தவிர்க்கலாம் என்று மிலானின் சவுண்ட் ஆய்வு 2023-ல் காட்டியிருக்கிறது. சின்னம்மாவின் கட்டி அந்த வரம்பைத் தாண்டுவதால் அவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அக்குள் அல்ட்ராசவுண்ட் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இயன்முறை எழுதியது:

அஸ்தம்பட்டியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களைப் பார்ப்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். காப்பிப் பழம் பறிப்பவர் ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் உருவுகிறார். தோள் மட்டத்துக்கு மேலே கை நாளெல்லாம் உயர்ந்தே இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தடியில் செடிகளுக்குள் நுழையும்போது கீறல்களும், மழைக்காலத்தில் அட்டைக் கடியும் தவிர்க்க முடியாதவை. கணுக்களை இழந்த கைக்கு ஒவ்வொரு கீறலும் கிருமி நுழையும் வாயில். காவல் கணுவை மட்டும் எடுத்தாலும் இந்த ஆபத்து முழுமையாக நீங்கிவிடாது, மிகவும் குறையும். நீளக்கை சட்டை, கையுறை, காயம் பட்டவுடன் சோப்பு போட்டுக் கழுவி மருந்திடுதல், கை சிவந்து சூடானால் அன்றே மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவற்றை இப்போதே சொல்லி வையுங்கள்.

கை வீங்கும் என்று பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள், தோள் இறுகிவிடுகிறது. அறுவை செய்த மருத்துவர் அனுமதித்தவுடன் பயிற்சியைத் தொடங்க வேண்டும். படிப்படியாக எடை தூக்கிப் பழகுவது கை வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று 2009-லேயே ஓர் ஆய்வு நிறுவியிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை அக்கா, உங்களுக்கும் அழுத்த உறையும் கட்டுப்போடும் சிகிச்சையும் இன்றும் பயன்தரும். வீக்கம் பழையது என்று விட்டுவிடாதீர்கள்.

காப்பித்தோட்டம் எழுதியது:

அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட்டோம். ஒரு கணுவின் வெளிப்பகுதி சற்றுத் தடித்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. அதில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் புற்றுநோய் செல்கள் இல்லை. ஊசிச் சோதனையிலேயே இல்லை என்றான பிறகு காவல் கணுவை எதற்குத் தேட வேண்டும் என்று சின்னம்மாவின் மகன் கேட்கிறார். வெளியூர் மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் பேசி நாள் வாங்கியிருக்கிறோம். புறப்படும் முன் எதை உறுதி செய்துகொள்ள வேண்டும்?

அறுவை அரங்கு எழுதியது:

ஊசிச் சோதனையில் நோய் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் அதை முடிவாகக் கொள்ள முடியாது. ஊசி முனை கணுவின் ஒரு துளியைத்தான் எடுக்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான நோய்ப் படிவு அதில் அகப்படாமல் போகலாம். காவல் கணு முழுமையாக வெளியே வந்து, நோயியல் மருத்துவர் அதை மெல்லிய துண்டுகளாக்கிப் பார்க்கும்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும். எனவே சோதனை அவசியம். சின்னம்மாவின் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்டில் தடித்துத் தெரிந்த அந்தக் கணுவையும் அறுவையில் தவறாமல் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். அறிக்கையோடு படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அறுவை நடக்கும்போதே கணுவை உறைய வைத்துச் சோதிப்பார்களா, அதில் நோய் தெரிந்தால் அப்போதே அக்குளை முழுமையாக எடுப்பார்களா, அல்லது இறுதி அறிக்கைக்குக் காத்திருந்து கதிர்வீச்சு உள்ளிட்ட வழிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வார்களா என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போதுதான் அக்குள் முழுவதும் எடுக்கப்பட்டது என்று சின்னம்மா முதன்முதலாகக் கேள்விப்படும்படி ஆகக் கூடாது.

காமா கேமரா எழுதியது:

ஊசிக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; அறுவைக்கான பட்டினி மயக்க மருத்துவர் சொல்லும் நேரத்திலிருந்துதான். போடும்போது சில விநாடிகள் சுரீரென்று எரியும். அதை முன்பே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார். தோலில் நாங்கள் இடும் மைக் குறியைக் குளிக்கும்போது தேய்த்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளை அன்று ஒரு நாள் ஏற்காட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு வேறு ஒருவர் வந்தால் மருமகளுக்குப் பயணக் களைப்பும் இருக்காது. ஊசி போட்ட நேரத்தை எங்கள் சீட்டில் எழுதித் தருவோம். அந்தச் சீட்டு அறுவை மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.